பேர் கூப்பிட ஆளில்லாத பெரட்டு

ஜொகூர் பாருவில் ஒரு தங்குவிடுதி. 140 அறை, 60 சேனல், எல்லாமே நெட்வொர்க் வழியாக வரும் மல்டிகாஸ்ட். சேனலுக்கு ஏறக்குறைய 4 மெகாபிட். இணைத்த அன்றே படம் சதுரம் சதுரமாக உடைந்தது. யாருக்கு எது வேண்டுமென்று சுவிட்சுக்குத் தெரியாது. மல்டிகாஸ்ட்டை எல்லாப் போர்ட்டுக்கும் கொட்டிவிடும். 60 சேனலும் சேர்ந்தால் 240 மெகாபிட். அறைப் பெட்டியின் போர்ட்டோ 100தான்.

"ஸ்னூப்பிங்கப் போடுடா" என்றேன். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் ஒருவகை ஒட்டுக்கேட்பு. 'எனக்கு இந்தச் சேனல்' என்று பெட்டி சொல்வதைக் காதில் வாங்கி, சுவிட்ச் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அதை அனுப்பும். கூட வந்த தம்பி போட்டான். படம் கண்ணாடி மாதிரி வந்தது. சேனலுக்கு ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போய்விட்டோம்.

மறுநாள் புகார். படம் உறைந்து நிற்கிறது. சேனலை மாற்றித் திரும்பினால் வருகிறது, மறுபடி நிற்கிறது. கேபிள்தான் என்று முடிவுகட்டி, 40 அறைகளில் கேபிள் தலையை வெட்டித் திரும்ப அடிக்கச் சொன்னேன்.

"அண்ணே, எந்த ரூம்ல பார்த்தாலும் நாலு நிமிஷம் சொச்சத்துலதான் நிக்குது. கேபிளு மணி பார்த்தா கெடும்?"

"நீ அடிச்ச தலைதானே? வேலையப் பாரு." மேலாளர் பக்கத்திலேயே நின்றார்.

இரவு இரண்டு மணி. தம்பி வேனில் தூங்கிவிட்டான். நான் கைப்பேசியில் நேரம் பிடித்தேன். 260 வினாடி. அடுத்த அறையிலும் அதே. 125ஐ இரண்டால் பெருக்கிப் பத்தைக் கூட்டினால் வருகிற எண். எனக்குத் தெரிந்த எண்தான்.

அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடும்போது குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை என்பார். இங்கும் அதே கதை. வழக்கமாக ரவுட்டர் 125 வினாடிக்கு ஒருமுறை 'யாருக்கு இன்னும் வேண்டும்?' என்று கேட்கும். பெட்டிகள் பதில் சொல்லும். இரண்டு சுற்றும் பதிலுக்கான பத்து வினாடியும் போய், குரல் வராவிட்டால் சுவிட்ச் பேரை அடித்துவிடும். எங்களிடம் மல்டிகாஸ்ட் ரவுட்டரே இல்லை. ஒட்டுக்கேட்க ஆள் வைத்தேன், கேள்வி கேட்க வைக்கவில்லை.

அந்த வேலையைச் சுவிட்சே செய்யும், குவெரியர் என்பார்கள். மைய சுவிட்சில் இரண்டு வரி. 260 தாண்டியது, 300 தாண்டியது. விடியும்வரை ஏதோ பழைய மலாய்ப் படம் நிற்காமல் ஓடியது.

காலையில் தம்பி வந்தான். கட்டைவிரலில் பிளாஸ்டர்.

"சரியாயிடுச்சு" என்றேன்.

"கேபிளாண்ணே?"

"ம்."

அந்த மாதக் கடைசியில் அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.