கடைசல்

தமிழில் 'கடைதல்' என்னும் சொல்லுக்கு இரு தொழில்கள் உரியன. மத்தால் தயிரைக் கடைவதும் கடைதல். மரத்தையோ உலோகத்தையோ சுழலவிட்டு உளியால் செதுக்குவதும் கடைதல். தொட்டிலின் காலும் பம்பரமும் கடைசலில் பிறந்தவை. 'கடைந்தெடுத்த' என்பதை இன்று வசைக்கே மிகுதியாக வழங்குகிறோம். அஃது அச்சொல்லுக்கு நாம் இழைக்கும் அநீதி என்பேன். என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் இரும்பைக் கடைந்தவர்.

கோயம்புத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தோன்றியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரி உறுப்புகள் தேவைப்பட்டன. கிணற்றுப் பாசனத்திற்குப் பம்புகள் தேவைப்பட்டன. பொறியியல் பட்டறைகள் தெருவுக்குத் தெரு எழுந்தன. அத்தகைய ஒன்றில், 15 பேர் பணியாற்றிய கூடத்தில், அப்பா லேத் ஓட்டினார். வருகைப் பதிவேட்டில் 'டர்னர்', தெருவில் 'லேத்துக்காரர்'.

பம்பு மோட்டாரின் ஷாஃப்டைக் கடைவது அவருடைய அன்றாட வேலை. இரும்புத் தண்டைச் சக்கில் இறுக்கிச் சுழலவிட்டு, கூரிய கருவியை மெல்ல உள்ளே செலுத்த வேண்டும். கருவி 0.05 மி.மீ. உள்ளே சென்றால் தண்டின் விட்டம் 0.10 மி.மீ. குறையும். மிகுதியாகச் சீவிவிட்ட இரும்பை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட அப்பாதான் தசமப் புள்ளியை எனக்கு விளங்கவைத்தார், மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து. கடைந்த உடனே அளக்க விடமாட்டார். வெப்பத்தால் தண்டு சற்றே பருத்திருக்கும், குளிர்ந்தபின் மெலியும்.

"ஆறட்டும் கண்ணு. சூட்டோட அளந்தா பொய் சொல்லும்" என்பார்.

லேத்தில் கையுறை அணியலாகாது. சுழலும் சக் துணியைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதனால் அப்பாவின் சட்டைகள் யாவும் முழங்கைக்குமேல் மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. வார்ப்பிரும்பின் கரும்பொடி அவருடைய கைரேகைகளில் படிந்து, எந்தச் சோப்புக்கும் அசையாமல் நின்றது. விருந்துகளுக்குச் சென்றால் கையை மடக்கியே வைத்திருப்பார்.

கூடத்தின் மூலையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஒன்று இருந்தது. இரு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கைகள் பொத்தான்களின்மேல் இருக்கும்வரை விரல்களுக்குத் தீங்கில்லை. ஆனால், அவசர ஆர்டர் வரும் நாள்களில் ஒரு பொத்தானைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிடச் சொல்வார் மேற்பார்வையாளர். ஒரு கை அழுத்த, மறு கை தகட்டைத் தள்ளும், வேலை விரையும். அப்படியொரு நாளில், அப்பாவை 'அண்ணா' என்றழைக்கும் இளைஞர் ஒருவர் வலக்கையின் இரு விரல்களை இழந்தார்.

டியூபைக் கட்டியது அந்த இளைஞரே என்றொரு தாளை எழுதி, சாட்சியாகக் கையெழுத்திடுமாறு அப்பாவிடம் நீட்டினர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி தாமே வேண்டுமென்று அகற்றியதால் இத்தகைய காயம் நேர்ந்திருந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டியிருக்கவில்லை. அந்தக் கையெழுத்தின் விலை அப்பாவுக்குத் தெரிந்தே இருந்தது.

"ஏனுங்க, நமக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க" என்றார் அம்மா.

"கட்டச் சொன்னதை என் காதால கேட்டேன். இல்லீன்னு எப்படி எழுதறது?" என்றார் அப்பா. அன்றிரவு அதற்குமேல் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரமே அவர் இரவுப் பணிக்கு மாற்றப்பட்டார். மிகைநேர ஊதியமும் நின்றது. ஏழு மாதங்கள் அவரை விழித்த முகத்தோடு நாங்கள் கண்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே. அவ்வாண்டு அக்காவின் திருமணப் பேச்சைத் தள்ளிவைத்தனர். அதைப் பற்றி அக்கா இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. எனினும், அப்பாவின் நேர்மையைப் பிறர் புகழும்போதெல்லாம் எனக்கு அவள் முகமே நினைவுக்கு வருகிறது.

அப்பா ஆணையர்முன் சாட்சி சொன்னார். இரண்டு ஆண்டுகள் கழித்து இழப்பீடு கிடைத்தது. அந்த இளைஞர் அதைக் கொண்டு சொந்த ஊரில் மளிகைக் கடை வைத்தார்.

பட்டறையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இனி டியூபைக் கட்டினாலும் பொத்தான் அழுந்தாதபடி, ஒவ்வொரு பொத்தானையும் சுற்றி அதைவிட உயரமான இரும்பு வளையம் ஒன்றைப் பொருத்தினர். அவ்வளையங்களைக் கடைந்து தரும் வேலை அப்பாவுக்கே வந்தது. இரவுப் பணியில் செய்து முடித்தார்.