ஹேஸ்டிங்ஸ் தெருவில் பிறந்த பாட்டுகள்

1990களில் நான் வேலைக்காக டெட்ராய்ட் போய்ச் சேர்ந்தபோது ஹேஸ்டிங்ஸ் தெரு மறைந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தெரு இருந்த இடத்தில் கிரைஸ்லர் விரைவுச்சாலை பள்ளமாக ஓடியது. அதன் வழியாகத்தான் ஆலைக்குப் போவோம். என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போன பெரியவர் கறுப்பினத்தவர். ஓய்வு பெறும் வயது. ஒரு குறிப்பிட்ட மேம்பாலம் வந்ததும் வேகத்தைக் குறைப்பார். இங்கே முடிவெட்டும் கடை, அங்கே மீன் வறுத்து விற்கிற இடம், அதோ ஜோவின் ரெக்கார்டு கடை என்று ஒன்றுமில்லாத வெளியில் விரலை நீட்டிக் காட்டுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பது அவர் காதில் விழவே விழாது.

அது ஜோ வான் பேட்டில் நடத்திய கடை. இசைத்தட்டு விற்பார், அங்கேயே ஒலிப்பதிவும் செய்வார். பருத்திக் காட்டை விட்டு, கார்த் தொழிற்சாலையை நம்பித் தெற்கு மாநிலங்களிலிருந்து ஏறி வந்த சனம் பாட்டுக்கும் துணிமணிக்கும் சாப்பாட்டுக்கும் கூடிய தெரு அது. ஜான் லீ ஹூக்கரும் அப்படி வந்தவர்தான். பகலில் ஆலை வேலை, இரவில் கிட்டார். 1948இல் அவர் பதிவு செய்த ‘பூகி சில்லன்’ பாட்டில் ஹேஸ்டிங்ஸ் தெருவின் பெயரே வருகிறது. ஒரு கிட்டார், ஒரு குரல், தரையைத் தட்டுகிற ஒரு கால், அவ்வளவுதான் பக்கவாத்தியம். பெரியவர் அதைக் கேசட்டில் போட்டால் ஸ்டியரிங் பிடித்த கையும் சேர்ந்து தாளம் போடும். புளூஸ் எனக்கு அறிமுகமானது அந்தக் காரில்தான்.

அதே தெருவில்தான் நியூ பெத்தேல் தேவாலயமும் இருந்தது. அதன் போதகர் சி. எல். ஃபிராங்க்ளின் பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பிரசங்கங்களை ஜோ பதிவு செய்து தட்டாக விற்றார். 1956இல் போதகரின் பதினான்கு வயது மகள் பியானோவில் உட்கார்ந்து பாடிய தேவகீதங்களையும் பதிவு செய்தார். அந்தப் பெண் அரீத்தா. பிற்பாடு அவர் பாடிய எத்தனையோ பாட்டுகள் என்னிடம் உண்டு. ஆனால் மனம் கலங்கிப்போகிற நாளில் நான் தேடுவது இந்தப் பழைய, இரைச்சல் மிகுந்த பதிவைத்தான்.

1960ஐ ஒட்டி விரைவுச்சாலைக்காகத் தெருவையே வழித்தெடுத்தார்கள். ஜோ கடையைப் பன்னிரண்டாம் தெருவுக்கு மாற்றினார். 1967 ஜூனில் அரீத்தாவின் ‘ரெஸ்பெக்ட்’ நாட்டின் முதலிடத்துப் பாட்டு. ஓட்டிஸ் ரெட்டிங் எழுதி 1965இல் பாடியபோது அது வேலை முடிந்து வீடு திரும்பும் ஆம்பிளையின் கோரிக்கை. அரீத்தா வாயில் அது பெண்ணின் உரிமைக்குரல் ஆயிற்று. அடுத்த மாதமே பன்னிரண்டாம் தெருவில் கலவரம் மூண்டது. நகரில் 43 பேர் செத்துப்போனார்கள். ஜோவின் கடையும் அதில் போனது. தட்டாக வெளிவராமலே கிடந்த எத்தனையோ குரல்கள் அங்கிருந்த டேப்புகளோடு அழிந்தன. இந்த இசையின் வரலாற்றில் எனக்கு ஆறவே ஆறாத இழப்பு அது.

தப்பியது மேற்கு கிராண்ட் புலவார்டில் உள்ள ஒரு சாதாரண மாடிவீடு. கார் ஆலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி 1959இல் தொடங்கிய மோட்டவுன் கம்பெனி அங்கேதான் நடந்தது. இப்போது அருங்காட்சியகம். கட்டுப்பாட்டு அறையின் தரையில் ஓர் இடம் மட்டும் தேய்ந்திருக்கும். அங்கே உட்கார்ந்தவர்கள் தாளத்துக்குக் காலைத் தட்டித் தட்டித் தேய்ந்த தரை. அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

கீழே இருக்கிற ஸ்டுடியோவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலது ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். ‘மை கேர்ள்’ பாட்டின் முதல் சில நொடிகளைக் கேளுங்கள். மற்ற எல்லாரும் வருவதற்கு முன்பே அந்த விரல் வந்துவிடும். பாடகனுக்கு வழிவிட்டு, அதே சமயம் தானும் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே போகிற வாசிப்பு அது. அறுபதுகளில் உலகமே ஆடிய அந்தத் தட்டுகளின் உறையில் அவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வந்தபோதுதான் அச்சில் ஏறியது. மறு வருஷம் கம்பெனி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. ஜேமர்சனும் போனார், அங்கே வேலை குறைந்தது, குடி கூடியது. 1983இல் மோட்டவுனின் வெள்ளிவிழா நடந்தபோது அவர் வெளியே டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார். சில மாதங்களில், நாற்பத்தேழு வயதில், இறந்தார்.

ஊர் வெறிச்சோடிய பிறகும் பாட்டு நிற்கவில்லை. ஹுவான் அட்கின்ஸும் நண்பர்களும் எண்பதுகளில் இயந்திரங்களை வைத்து டெக்னோ இசையைக் கிளப்பினார்கள். அதில் நான் அதிகம் தோய்ந்தவனில்லை. ஹிப்ஹாப்பில் ஜே டில்லா மட்டும் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். 2006 பிப்ரவரி 7, அவருடைய முப்பத்திரண்டாவது பிறந்த நாளன்று ‘டோனட்ஸ்’ வெளிவந்தது. மூன்றாம் நாள் அவர் இல்லை. நோயோடு போராடியபடி அவர் துண்டு துண்டாக வெட்டித் தைத்த அந்தத் தொகுப்பில் ஜாக்சன் ஃபைவ் சிறுவர்களின் பழைய மோட்டவுன் பாட்டு ஒன்றும் இருக்கிறது. பெரியவருக்குப் போட்டுக் காட்டியிருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார்.

கறுப்பின இசையில் எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் போடுங்கள். முதல் தடவை மார்வின் கேயைக் கேளுங்கள். இரண்டாம் தடவை குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுகிற பேஸை மட்டும் பின்தொடருங்கள். அது ஜேம்ஸ் ஜேமர்சன். பாட்டைப் பற்றி யாரிடமாவது பேசும்போது அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.