உடைந்த மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள்

பெங்களூர்க் கோட்டைச் சுவரில் ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. இந்த உடைப்பின் வழியாகத்தான் பிரிட்டிஷ் தாக்குதல் நடந்தது, மார்ச் 21, 1791 என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம். யார் வந்தார்கள், எந்த வழியாக, எந்த நாளில் என்பதெல்லாம் அதில் உண்டு. உள்ளே யார் இருந்தார்கள் என்பது மட்டும் இல்லை.

ஒக்கலிபுரத்திலிருந்து மெஜஸ்டிக் வழியாக சிட்டி மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் தினமும் இந்தக் கோட்டையைக் கடக்கிறார்கள். பூக்கடை, வெங்காய மூட்டை, மேம்பாலம், மெட்ரோ நிலையம் என்ற இரைச்சலுக்கு நடுவே டெல்லி வாசல் என்னும் வடக்கு வாசலும் சில முழம் மதிலும் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. கெம்பேகவுடா 1537-இல் மண்ணால் கட்டியதை ஹைதர் அலி 1761-இல் கருங்கல்லாக மாற்றினார். இப்போது நாம் பார்ப்பதும் முழுக்க ஹைதரின் கட்டடம் அல்ல. 1792 உடன்படிக்கையில் கோட்டை திரும்பக் கிடைத்ததும், மறுபடி எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று ஹைதரின் மகன் திப்புவே அதன் பல பகுதிகளை இடித்தார். திப்பு இறந்தபின் திவான் பூர்ணையா பழுதுபார்த்தார். பிறகு நகரம் தன் பங்குக்கு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாலை என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. 2012-இல் மெட்ரோவுக்காகத் தோண்டியபோது விக்டோரியா ஆஸ்பத்திரி அருகே மண்ணுக்கடியிலிருந்து இரண்டு பீரங்கிகள் வெளிவந்தன. இரண்டு நாள் செய்தியானது, அவ்வளவுதான்.

திப்புவின் மீது படையெடுத்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் 1791 பிப்ரவரியில் சென்னைப் பக்கமிருந்து புறப்பட்டார். ஆம்பூர் கணவாய் வழியாக ஏறப்போவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பி முகிலிக் கணவாய் வழியாக மேலேறி, கோலார், ஹொசகோட்டை பிடித்து, மார்ச் 5 அன்று பெங்களூர் முன்னே வந்து நின்றார். அந்தப் படையின் பெரும்பகுதி சென்னை, வங்காளப் படைகளின் சிப்பாய்கள். வடாற்காட்டுத் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் அதில் நிறைய. ஏணி தூக்கிக்கொண்டு ஓடியவனின் தாய்மொழி தமிழாகவும் இருந்திருக்கும் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அந்தக் காலத்துப் பெங்களூர் இரண்டு ஊர். தெற்கே படையும் அரண்மனையும் இருந்த கோட்டை. வடக்கே நெசவாளர், செட்டி, எண்ணெய் வாணியர், குயவர், தரகர் வாழ்ந்த பேட்டை. பேட்டையைச் சுற்றி அகழியும் முள்வேலியும் உண்டு. மார்ச் 7 அன்று பேட்டை வாசல் உடைக்கப்பட்டது. அதில் செத்த லெப்டினன்ட் கர்னல் மூர்ஹவுஸுக்கு ஓவியர் ராபர்ட் ஹோம் ஒரு பெரிய ஓவியமே தீட்டினார்: சாய்ந்து விழும் வீரர், தாங்கிப் பிடிக்கும் தோழர்கள், பின்னால் புகை. மக்களில் பெரும்பாலோர் முன்பே ஓடிவிட்டார்கள். மிஞ்சிய தானியமும் துணியும் தீவனமும் வெற்றி பெற்ற படைக்குச் சூறை. ஓடியவர்கள் எங்கே போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதை வரைய எந்த ஓவியரும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, நிலா வெளிச்சத்தில், மதிலில் பீரங்கி போட்ட ஓட்டை வழியே கோட்டைக்குள் ஏறினார்கள். சண்டை நீண்ட நேரம் நடக்கவில்லை. அதற்குப் பின் நடந்ததுதான் படுகொலை. வாசல்களை நோக்கி ஓடிய கூட்டம் துப்பாக்கி முனை ஈட்டிகளுக்கு இரையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே மாண்டதாகப் பிரிட்டிஷ் தரப்பே எழுதி வைத்திருக்கிறது. வென்றவன் கணக்கு அது. கோட்டைத் தளபதியான கில்லேதார் பகதூர் கான், எழுபது வயதுக் கிழவர், வாளோடு நின்று செத்தார். உடலைத் திப்புவிடம் அனுப்பக் கார்ன்வாலிஸ் முன்வந்தபோது, விழுந்த இடத்திலேயே அடக்கம் செய்வதுதான் அவருக்கு மரியாதை என்று பதில் வந்தது. மார்க்கெட் ஓரத்து தர்கா ஒன்றை அவருடைய சமாதி என்றே மக்கள் நம்பி ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். ஆக அந்த இரவில் செத்தவர்களில் தளபதி ஒருவருக்கு மட்டும் பெயரும் விளக்கும் கிடைத்தன.

எதிர்த்தரப்புக்கு நினைவுச்சின்னம் பெரிதாகவே எழுந்தது. கோட்டைக் கல்லறைத் தோட்டம் சிதைந்தபின், முற்றுகையில் இறந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பெயர்களைச் செதுக்கி ஹட்சன் சர்க்கிள் பக்கம் ஒரு ஊசித்தூண் நட்டார்கள். அதன் பெயரால் ஒரு சாலையே இருந்தது. இன்று அது நிருபதுங்கா சாலை. சுதந்திரம் வந்து பதினேழு வருடம் கழித்து, கிளர்ச்சிகளுக்குப் பிறகு, 1964 அக்டோபரில் தூணை இடித்தார்கள். இடித்ததில் எனக்கு வருத்தமில்லை. வந்து அடித்தவனின் பெயரைத் தெரு முனையில் சுமந்துகொண்டு நிற்க ஒரு நகரத்துக்குக் கடமை இல்லை. ஆனால் தூண் போன இடத்தில் செத்தவர்கள் வந்தார்களா? இல்லை. நகரத்தை நிறுவிய கெம்பேகவுடாதான் சிலையாக வந்தார்.

பிறகு வந்த சண்டையெல்லாம் திப்புவைப் பற்றியது. 2015-இல் கர்நாடகத்தில் அரசு விழாவாகத் திப்பு ஜெயந்தி தொடங்கியது, 2019-இல் அடுத்த அரசு அதை நிறுத்தியது, பாடநூலில் அவர் இருக்கலாமா என்று வாதம் நடந்தது. வீரனா கொடியவனா என்று கேட்பவர்கள் இருவருமே அரசனைத்தான் பார்க்கிறார்கள். குடகிலும் மங்களூரிலும் அவரால் பெயர்த்துக்கொண்டு போகப்பட்டவர்களும், பேட்டையில் கார்ன்வாலிஸால் சூறையாடப்பட்டவர்களும் ஒரே வாக்கியத்தில் வருவதை இரு தரப்பும் விரும்பாது.

தமிழர்களான நமக்கும் இதில் பாக்கி உண்டு. 1780-இல் ஹைதரின் குதிரைப்படை செங்கம் கணவாய் வழியே இறங்கி ஆற்காட்டுச் சீமையை எரித்தது. காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கம்பெனிப் படை தோற்றது அந்த செப்டம்பரில். ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவரில் அது பெருமையோடு தீட்டப்பட்டிருக்கிறது. சென்னையைச் சுற்றி வயல் வெந்து, கிணறு பாழாகி, அகதிகள் நகருக்குள் குவிந்து, பஞ்சம் வந்தது. அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். பின்னாளைய ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் வேர் அதுவே. வடசென்னைக் கிழவிகள் வாயில் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. அந்தப் போரில் செத்த சாமானியருக்குத் தமிழகத்தில் உள்ள நினைவுச்சின்னம் அந்தப் பெயர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆசியா முழுக்க இதுதான் நடப்பு. ஜப்பானியர் சயாம்-பர்மா இடையே 1942-43-இல் போட்ட ரயில் பாதைக்காக உழைத்துச் செத்து, தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறக்குறைய ஏழாயிரம் நேசநாட்டுக் கைதிகள் வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகளோடு உறங்குகிறார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு செத்த ஆசியத் தொழிலாளர்கள், அவர்களில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள், பெயரில்லாக் குழிகளில் கிடந்தார்கள். அங்கே தமிழருக்கென்று ஒரு நடுகல் நிற்க 2023 வரை ஆனது. அதையும் முன்னின்று செய்தவர்கள் மலேசியத் தமிழர்கள். தமிழ்நாடு அரசு நிதி கொடுத்தது. மணிலாவில் 1945 போரில் செத்த சுமார் ஒரு லட்சம் பொதுமக்களுக்கு, அந்தக் கோட்டை நகரான இன்ட்ராமுரோஸில் சிலை வைத்தது 1995-இல். தப்பிப் பிழைத்தவர்கள் முன்னின்று எழுப்பியது அது.

பெங்களூருக்கு அப்படி முன்னிற்க யாரும் மிச்சமில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பெயர்ப் பட்டியலும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் பேட்டை அப்படியே இருக்கிறது. சித்திரை மாதத்துக் கரக ஊர்வலம் நாகர்த்தபேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து இன்றும் அந்தச் சந்துகளில்தான் புறப்படுகிறது. போகும் வழியில் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நிற்கிறது. ஆளின் பெயர் தெரியாவிட்டால் ஆள் வாழ்ந்த தெருவின் பெயரைச் செதுக்கலாம். சிக்கபேட்டை, பளேபேட்டை, கும்பாரபேட்டை, நாகர்த்தபேட்டை, கணிகரபேட்டை, தரகுபேட்டை என்று கன்னடம், உருது, தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு எழுத்திலும் எழுதினால் ஒரு பெரிய பாறை தேவைப்படும். டெல்லி வாசலுக்கு உள்ளே அதற்கு இடம் இருக்கிறது.