கரிமூட்டமும் சாரும்

சார் படிப்பைப் பற்றி என்னிடம் தனியாகப் பேசியதாக நினைவே இல்லை. மதியம் சத்துணவுத் தட்டைக் கழுவிக்கொண்டு வரும்போது வேப்பமரத்தடியில் நிறுத்துவார். "அப்பா நேத்து வீட்டுக்கு வந்தாராடா?" வந்தார் என்றால் சரி என்பார், வரவில்லை என்றாலும் சரி என்பார். திங்கட்கிழமை தவறாது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றும் அதே கேள்விதான்.

கமுதிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. சுற்றிலும் சீமைக்கருவேலம். அப்பா கரிமூட்டம் போடுகிறவர். விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண்ணால் மூடித் தீ வைத்துவிட்டால் அது அணைகிறவரை அங்கேயே காவல் கிடப்பார். வீட்டுக்கு வந்தாலும் பேச்சு கிடையாது. எனக்கு அவரிடம் இருந்தது பயமா வெட்கமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பள்ளியில் என்னைக் "கரி" என்றுதான் கூப்பிட்டார்கள்.

எரிதல் பாடம் வந்தது. மூட்டத்துக்குள் விறகு ஏன் சாம்பலாகாமல் கரியாகிறது என்று கேட்ட சார், யாரையும் பதில் சொல்ல விடவில்லை. "இது எனக்குப் புத்தகத்துல தெரியும். இவங்க அப்பாவுக்குக் கையில தெரியும். கேட்டு எழுதிட்டு வாடா" என்றார் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

அப்பாவிடம் நானாகப் போய்க் கேட்ட முதல் கேள்வி அதுதான். நம்பாமல் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. வெள்ளைப் புகை வந்தால் விறகில் ஈரம் இருக்கிறது. புகை மெலிந்து நீலம் பாரித்தால் கரி பிடிக்கிறது. மண்ணில் வெடிப்பு விட்டுக் காற்று புகுந்த இடமெல்லாம் சாம்பல். ராத்திரியில் எழுந்து எழுந்து வெடிப்பை அடைப்பது அதற்காகத்தான் என்றார். ஆக்சிஜன் என்ற சொல் மட்டும்தான் அவரிடம் இல்லை.

பல வருடம் கழித்து அமெரிக்க உளவியலாளர் ஜீன் ரோட்ஸின் ஆய்வுகளைப் படித்தபோது இந்த நாள் நினைவுக்கு வந்தது. வெளியாள் ஒருவர் பிள்ளைக்கு வழிகாட்டியாக அமையும்போது, அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையிலான உறவு மேம்படுகிறது. படிப்பில் வரும் நன்மைகளில் ஒரு பகுதி அந்த வழியாகத்தான் வருகிறது என்று 2000-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதியிருந்தார்கள். சார் அதைப் படித்திருக்க வழியில்லை. ஆனால் அப்பாவின் இடத்தில் தான் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்கு நல்லது செய்கிற பலருக்கு அது தெரிவதில்லை.

ஒரு தடவையோடு விட்டுவிடாமல் தொடர்ந்ததும் சாரிடம் இருந்த இன்னொரு குணம். எங்கள் மாவட்டத்திலேயே அதற்குப் பெரிய சாட்சி உண்டு. ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் தம் மாணவன் கலாமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்ததை 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாமே சொல்லியிருக்கிறார். மனைவி பரிமாற மறுக்க, ஆசிரியர் தம் கையால் பரிமாறிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இதை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, புறப்படும்போது அவர் அடுத்த வாரமும் வரச் சொன்னது. அடுத்த வாரம் அந்த அம்மாளே உள்ளே அழைத்துப்போய்ப் பரிமாறினார். முதல் சாப்பாட்டோடு நின்றிருந்தால் சிறுவனுக்குப் பட்ட அவமானம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு வந்த பி.எட். சார் ஒருவர் என் பெஞ்ச்காரனிடம் உயிராக இருந்தார். கிரிக்கெட் மட்டை வாங்கித் தருகிறேன் என்றார், கடிதம் போடுகிறேன் என்றார். பயிற்சி முடிந்து போனவர் போனவர்தான். அதன் பிறகு அவன் எந்த ஆசிரியரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன வழிகாட்டி உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்ததாகவும், ஓராண்டுக்கு மேல் நீடித்தவற்றிலேயே பலன் அதிகம் என்றும் ரோட்ஸும் அவருடைய உடன் ஆய்வாளர் கிராஸ்மனும் 2002-ல் காட்டினார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் 1,139 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2007-ல் வெளியான ஆய்விலும், முதலாண்டில் வந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி அடுத்த ஆண்டு தங்கவில்லை. கோடை விடுமுறையோடு பல உறவுகள் அறுந்துவிடுகின்றன.

சாருக்கும் மாறுதல் வந்தது. மூட்டம் போட்டிருந்த இடத்துக்கே நடந்து வந்து அப்பாவிடம் சொல்லிக்கொண்டார். புகை இப்போது என்ன நிறம் என்று கேட்டு, அப்பா காட்டக் காட்டப் பார்த்தார். மாறுதலாகிப் போன ஊரிலிருந்து இன்லேண்ட் லெட்டர் போட்டார். அப்பாவை விசாரிக்காத கடிதம் ஒன்றுகூட இல்லை. பத்தாவது ரிசல்ட் வந்தபோது அவருக்கு எழுதச் சொன்னதே அப்பாதான்.

இப்போது பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு பழக ஆசைப்படுகிற இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வருகிறவர்கள் ஏப்ரல்வரை இருக்க முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் புத்தகம் கொடுங்கள், கழிப்பறை கட்டிக் கொடுங்கள், அதுவும் பெரிய உதவிதான். வாராவாரம் வருவேன் என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்.