‘மே’யும் ‘ஷல்’லும்

ஆங்கிலத் துணைவினைகளுள் எளியது போல் தோன்றி ஏமாற்றுவது ‘மே’. ‘நீ போகலாம்’ என்னும் இசைவு அதன் ஒரு பொருள். ‘மழை பெய்யலாம்’ என்னும் ஐயம் மற்றொன்று. நம் ‘லாம்’ ஈறும் இவ்விரண்டையும் சுமப்பதால் நமக்கு இடர் தோன்றுவதில்லை. எதிர்மறையில்தான் சிக்கல். தமிழில் ‘போகக் கூடாது’ வேறு, ‘போகாமலும் இருக்கலாம்’ வேறு. ஆங்கிலமோ இரண்டையும் ‘மே நாட்’ என்ற ஒரே தொடரில் அடைத்துவிடுகிறது. ‘ஷல்’ அப்படியன்று. சட்டத்தில் அது வந்தால் பெரும்பாலும் செய்தே தீர வேண்டும்.

இலக்கண வகுப்போடு முடிந்திருக்க வேண்டிய இவ்வேறுபாடு நாட்டையே உலுக்கியதும் உண்டு. 1965 சனவரி 26க்குப் பின்னரும் இந்தியுடன் ஆங்கிலம் தொடரலாம் என்றது 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம். அங்கே இட்ட சொல் ‘மே’. தொடராமலும் போகலாம் என்று பொருள்கொள்ள இது இடந்தருமே என்றார், அன்று மாநிலங்களவை உறுப்பினராயிருந்த அறிஞர் அண்ணா. இவ்விடத்தில் ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்றே பொருள் என்பது பிரதமர் நேருவின் விடை. அப்படியாயின் அதையே எழுதிவிடலாமே என்ற கேள்வி நியாயமானதன்றோ? எழுதவில்லை. 1964 சனவரியில் கீழப்பழுவூர்ச் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்தார். அவ்வாண்டு மே மாதம் நேருவும் மறைந்தார். பொருள் சொன்னவர் போக, சொல் மட்டும் ஏட்டில் நின்றது. 1965இல் தமிழகம் கொந்தளித்ததை யாவரும் அறிவர்.

1967ஆம் ஆண்டுத் திருத்தம் 1968 சனவரியில் சட்டமாயிற்று. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு கொள்ளும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் ‘ஷல்’ என்று விதிக்கப்பட்டது. வேடிக்கை என்னவெனில், மூன்றாம் பிரிவின் தொடக்கத்தில் அந்தப் பழைய ‘மே’ இன்றும் இருக்கிறது. அதை அகற்றாமல் அதன் வாலில் ‘ஷல்’லைக் கட்டிவிட்டார்கள். வரைவெழுதுவோரின் சாமர்த்தியம்!

டாலிகஞ்சில் வாழும் என்போன்ற மத்திய அரசு எழுத்தருக்கு இது பழங்கதையன்று. 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா. அந்தமானோ உத்தரப் பிரதேசம், பீகார் முதலியவற்றோடு ‘ஏ’ மண்டலத்தில் வைக்கப்பட்டுள்ளது. சென்னையில் கப்பலேறி மூன்று நாளில் இங்கு இறங்கினால் வினைச்சொல்லே மாறிவிடுகிறது. இந்தியில் வந்த கடிதத்துக்கு இந்தியிலேயே விடை; அது ‘ஷல்’. ஆயினும் கோப்பில் ஊழியர் தம் குறிப்பை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், மொழிபெயர்ப்பை அவரே தரவேண்டியதில்லை என்கிறது எட்டாம் விதி. என்னைக் காப்பது இந்த ‘மே’தான்.

அதே விதியின் நான்காம் உட்பிரிவில் இன்னொரு ‘மே’ இருக்கிறது. அறிவிக்கப்பட்ட அலுவலகங்களில், இந்தித் தேர்ச்சியுடைய ஊழியர் குறிப்பிட்ட பணிகளுக்கு இந்தியை மட்டுமே பயன்படுத்த வேண்டுமென மத்திய அரசு ஆணையிடலாம். இந்தி வழியில் பத்தாம் வகுப்புத் தேறியவரெல்லாம் தேர்ச்சியுடையவரே என்கிறது ஒன்பதாம் விதி. என் மகள் இங்கே அவ்வழியில்தான் படித்துத் தேறினாள். நாளை அவள் மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, அவ்வாணையும் அவள் அலுவலகத்துக்கு வருமாயின், எனக்குள்ள விருப்பம் அவளுக்கு இராது.