காலூன்றி நிற்றல்

பிள்ளைகளுக்குப் பள்ளி தேடி அலையும் பெற்றோரைப் பார்த்திருப்பீர்கள். நானோ தந்தைக்கு வகுப்புத் தேடி அலைந்த மகள். அப்போது அவருக்கு வயது 76. தேடியது, தாய்ச்சி என்னும் சீனப் பயிற்சியைக் கற்பிக்கும் ஒரு வகுப்பு.

எங்கள் வீடு இராயபுரத்தில், ரயில் நிலையத்திற்கு அருகில் இருக்கிறது. 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் புறப்பட்ட நிலையம் அது. வடசென்னையில் பல வீடுகளில் தந்தையை 'நைனா' என்றே அழைப்பார்கள்; எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நைனா சென்னைத் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். பணி ஓய்ந்ததே தவிர அவர் ஓயவில்லை. விடியுமுன் எழுந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம்வரை நடப்பார். விசைப்படகுகள் கரைசேர்வதையும் மீன் ஏலம் போவதையும் பார்ப்பார். பழைய தோழர்களோடு தேநீர் அருந்திவிட்டு, கையில் மீன்பையோடு திரும்புவார்.

ஒருநாள் ஏலக்கூடத்தின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை. விழுந்ததை என்னிடம் அவர் சொல்லவுமில்லை. மூன்று நாள் கழித்து, அவருடைய இடுப்பில் கன்றியிருந்த காயத்தைத் தற்செயலாகக் கண்டேன். அன்றே சட்டம் போட்டேன். இனிக் காசிமேட்டுக்குப் போகக் கூடாது. மாடிப்படி ஏறக் கூடாது. கைத்தடி இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. அன்றுமுதல் மீன் வீடு தேடி வந்தது. நைனா நாற்காலியில் அமர்ந்தார். அவர்மேல் நான் கொண்ட அன்பு இதுவென்றே நினைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழிந்தது. அறையிலிருந்து கூடத்திற்கு வருவதற்குள் இருமுறை சுவரைப் பிடித்தார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "எலும்பில் குறையில்லை, கால்கள்தாம் வேலையை மறக்கத் தொடங்கிவிட்டன. விழுந்துவிடுவோம் என்று அஞ்சி உட்கார்ந்தால் தசை தளரும்; தசை தளர்ந்தால் விழுவது எளிதாகும்" என்றார். அச்சம் அவருடையது மட்டுமன்று, என்னுடையதும்தான் என்பது எனக்கு உறைத்தது.

நாம் நிற்பதை ஒரு செயலாகவே கருதுவதில்லை. ஆனால் நிற்கும் ஒவ்வொரு நொடியும் கண்கள் ஒரு செய்தி அனுப்புகின்றன. உட்செவியின் சமநிலை உறுப்பு மற்றொன்றை அனுப்புகிறது. பாதமும் மூட்டும் தசையும் வேறொன்றை அனுப்புகின்றன. மூன்றையும் சேர்த்து மூளை உடலை நிலைநிறுத்துகிறது. முதுமையில் இம்மூன்றும் சற்றே மங்குகின்றன. தற்செயலான காயங்களால் நேரும் இறப்புகளுக்கான காரணங்களில், உலக அளவில் இரண்டாவது இடத்தில் இருப்பது தவறி விழுதல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 வயதைக் கடந்தோர் சமநிலையையும் தசை வலிமையையும் வளர்க்கும் பல்வகைப் பயிற்சிகளை வாரத்தில் 3 நாளேனும் செய்ய வேண்டும் என்று 2020இல் அது அறிவுறுத்தியது. ஆக, எழுபதைக் கடந்தவருக்கும் பயிற்சி உண்டு. உட்கார்ந்துவிடுவது அதற்கு மாற்றாகாது.

எந்தப் பயிற்சி என்று முடிவு செய்தவர் நைனாவே. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பூங்காவில் காலைவேளையில் முதியவர்கள் நீரில் நடப்பதுபோல் மெல்ல அசைந்து பயில்வதை அவர் பார்த்திருக்கிறார். "அதான் பாப்பா, தாய்ச்சி. சின்ன வயசுல ஓடிப்பிடிச்சு விளையாடறப்போ தாய்ச்சியைத் தொட்டுக்கினா நம்மளை யாரும் புடிக்க முடியாது. பேரே நல்லா இருக்குது" என்று சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

பெயர் ஒத்திருந்தாலும் அது வேறு சொல். சீனத்தின் ஹெனான் மாநிலத்தில், சென் குடும்பத்தார் வாழ்ந்த சிற்றூரில், 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான தற்காப்புக் கலை அது. பலரும் எளிதில் கற்கும் வண்ணம் அதனை 24 நிலைகளாகச் சுருக்கி 1956இல் சீனாவில் வகுத்தனர். 2020இல் யுனெஸ்கோ அதனை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. முழங்காலைச் சற்றே மடக்கி, உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றுவதே அதன் அடிப்படை. விரைந்து வைக்கும் அடியில் தடுமாற்றம் மறைந்துவிடும். மெல்ல வைக்கும் அடியில் மறைக்க இடமில்லை. அதனால்தான் அது சமநிலைக்குப் பயிற்சியாகிறது.

முதலில் பார்த்த வகுப்பு, குறுகலான படிகள் ஏறிச் செல்ல வேண்டிய ஒரு மாடியில் நடந்தது. மூன்று மாதத்தில் சர்க்கரை நோய் தீரும், மாத்திரைகளைத் தூர எறியலாம் என்றார் ஆசிரியர். ஓராண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டார். பயிற்சியால் விளையும் நன்மை பொய்யன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயாளர் 195 பேரிடம் 24 வாரம் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தாய்ச்சி பயின்றோரின் சமநிலை மேம்பட்டது. உடலை நீட்டும் பயிற்சி செய்தோரைவிட அவர்கள் குறைவாகவே விழுந்தனர். ஆனால் நோய் தீர்ந்ததாக அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆசிரியரிடமிருந்து விலகுவதே அறிவு.

இரண்டாவது வகுப்பின் ஆசிரியர் கலையில் தேர்ந்தவர். சுவர் நிறையப் பதக்கங்கள். இளைஞர்கள் வேகமாகவும் தாழ்ந்தும் பயின்றனர். ஆசிரியர் அவர்களுக்கு முதுகு காட்டி நின்று செய்துகொண்டேயிருந்தார். ஒரு மணி நேரத்தில் ஒருமுறைகூட நைனாவின் பாதங்களை அவர் பார்க்கவில்லை. அந்த வகுப்பைக் குறை சொல்ல மாட்டேன். அது நைனாவுக்கானதன்று, அவ்வளவே.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எல்லாரும் நாற்காலியில் அமர்ந்தபடி கைகளை அசைத்தனர். விழ வழியே இல்லை. முன்பணம் கட்டக் கைப்பையைத் திறந்தேன். "என்னைக் குந்த வெக்கறதுக்கு இம்மாந்தூரம் இட்டுக்கினு வரணுமா?" என்று கேட்டுவிட்டு நைனா வெளியே நடந்தார். நிற்க இயலாதவருக்கு அது நல்ல வகுப்பு. நைனாவோ நிற்க இயன்றவர். அந்த நாற்காலியில் அமர விரும்பியது உண்மையில் என் அச்சம்தான்.

நான்காவது வகுப்பு திருவொற்றியூரில், தேரடிக்கு அருகே, பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. தரைத்தளக் கூடம், வழுக்காத தளம், நல்ல வெளிச்சம். பத்துப் பன்னிரண்டு பேரே பயின்றனர். எட்டினால் பிடிக்கும் தொலைவில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது. ஆனால் எவரும் அதில் அமரவில்லை. ஆசிரியை, பள்ளியில் உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவர். மற்ற மூவரும் நைனாவைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். இவர் என்னைத் திண்ணையில் அமரச் சொல்லிவிட்டு, நைனாவிடமே கேட்டார்.

"ஐயா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? எழுந்து நிற்கும்போது தலை சுற்றுமா? கண்ணாடியை எப்போது மாற்றினீர்கள்? இந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள்?"

"ரெண்டு வாட்டி" என்றார் நைனா.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மற்றொன்று எங்கள் வீட்டுக் குளியலறையில், நான் பள்ளிக்குச் சென்றிருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. தாமாகவே எழுந்து, வேட்டியை மாற்றிக்கொண்டு, நான் வரும்போது நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தால் மிச்சமிருக்கும் கதவையும் சாத்திவிடுவேன் என்ற பயம் அவருக்கு. பதினைந்து நிமிடம் பழகிய ஒருவரிடம் சொன்னதை ஐம்பது ஆண்டுக்கும் மேலாக உடனிருக்கும் மகளிடம் சொல்ல அவரால் இயலவில்லை. திண்ணையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன்.

ஆசிரியை அதிர்ச்சி காட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "எந்தக் கால் முதலில் வழுக்கியது?" என்று மட்டும் கேட்டார். பிறகு அந்தக் காலில் எடையை ஏற்றிக் காட்டச் சொன்னார். வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்றார். ஒவ்வோர் அசைவையும் முழுமையாகச் செய்ய இயலாதவருக்கு அதன் எளிய வடிவத்தையும் காட்டினார். கட்டணம் மாதாமாதம் கொடுத்தால் போதும், முதல் வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றார்.

அன்று நைனா பயிலவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பேருந்தில் சொன்னார்: "கிரேன்ல லோடு தூக்கி வெக்கறப்போ வெடுக்குனு நகத்துனா அது ஊஞ்சல் ஆடும் பாப்பா. கீழ நிக்கறவன் உயிர் நம்ம கையில. அந்தம்மா தன் உடம்பையே லோடு மாதிரி ஆடாம எடுத்து வெக்கறாங்க. அவங்களுக்கு வேலை தெரியும்."

நான் எழுதி வைத்திருந்த கேள்விகள் பன்னிரண்டு. அவர் தம் தொழிலறிவைக் கொண்டு ஒரே பார்வையில் முடிவெடுத்துவிட்டார். இருவர் முடிவும் ஒன்றாகவே இருந்தது.

ஆறு மாதம் பயின்ற பின் நைனா மீண்டும் காசிமேட்டுக்குப் போகத் தொடங்கினார். ஏலக்கூடத்தில் கூட்டமும் ஈரமும் மிகுந்த நாள்களில் கைத்தடியை அவரே எடுத்துச் செல்கிறார். அவர் இனி விழவே மாட்டார் என்று யாராலும் உறுதி கூற முடியாது. விடியற்காலையில் வாசற்கதவின் ஓசை கேட்கும்வரை நான் இன்றும் விழித்தேதான் இருக்கிறேன். ஆனால், அவரைத் தடுப்பதில்லை.

சென்ற வாரம் மீன்பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "இன்னிக்கு ரோட்டோரம் கல்லு தடுக்கிடுச்சு பாப்பா. விழல" என்றார். நானாகக் காணும்வரை காத்திராமல், தாமாகவே வந்து சொன்னார்.

சட்டம் எதுவும் போடாமல் அவர் அருகில் அமர்ந்து கேட்டேன்:

"எந்தக் கால் நைனா?"