எழுவைதீவுக்கு ஒரு சிறு வள்ளம்: மோட்டார் வாங்கிய கதை

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று மேற்கே நோக்கினால், கடலும் வானும் சந்திக்குமிடத்தில் பனைமரங்களின் கரிய வரிசையொன்று தெரியும். அதுவே எழுவைதீவு. ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தூரம். பயணிகள் படகில் ஏறிச் சென்று வருவோர்க்கு யாதொரு தொல்லையுமில்லை. ஆயினும், சொந்தமாக ஒரு சிறு வள்ளம் வேண்டும், அதிலே குடும்பத்தோடு போய்த் தூண்டில் போடவேண்டும், பனைநிழலிற் கூடாரமடித்து ஓரிரவு தங்கி வரவேண்டும் என்ற ஆசை எங்கள் வீட்டில் நெடுநாளாக இருந்து வந்தது.

அந்த ஆசைக்கு முதற்படியாக, 16 அடி நீளமான பழைய கண்ணாடியிழை வள்ளமொன்று உறவினர் ஒருவரிடமிருந்து மலிவாகக் கிடைத்தது. வீட்டு முற்றத்திற் கவிழ்த்து வைத்துச் சுரண்டி, வர்ணம் பூசி, கடற்றொழில் திணைக்களத்திற் பதிவும் செய்தாயிற்று. இனி வேண்டியது மோட்டார் ஒன்றே. அதைத் தெரிவதிலே நாம் செய்த பிழையையும், அப்பிழை கற்பித்த பாடத்தையும் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் மோட்டார்

எங்களுள் மோட்டாரைப் பற்றி அறிந்தவன் தொழில்நுட்பக் கல்லூரியிற் படிக்கும் என் மருமகன். அவன் எங்கோ விசாரித்து, 25 குதிரைவலுவுள்ள பழைய இரண்டடிப்பு மோட்டார் ஒன்றைக் கண்டுபிடித்தான். "மாமா, இந்த விலைக்கு இவ்வளவு வலு எங்கையும் வராது. பதினைஞ்சு நிமிசத்திலை எழுவைதீவு!" என்றான். புதிய சிறு மோட்டாரொன்றின் விலையிற் பாதிக்கும் குறைவாக இருந்தபடியால் நானும் இணங்கினேன். என் மனைவி மாத்திரம், "கடலிலை நிண்டால் ஆர் வந்து தள்ளுறது?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை புறப்பட்டோம். நான், மருமகன், பன்னிரண்டு வயதான என் மகள் ஆகிய மூவர். வலப்புறத்திலே, போர்த்துக்கேயர் கட்டி 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை காலை வெயிலில் வெளிறித் தெரிந்தது. வாடைக்காற்று முதுகுப்புறமாக நின்று தள்ளியது. அணியம் மேலெழ, வள்ளம் அலைகளின் மேலே வழுக்கிக்கொண்டு ஓடிற்று. மருமகன் சொன்னபடியே கால்மணி நேரத்துள் எழுவைதீவின் கரையை அடைந்தோம்.

அன்றைய பகலையும் இரவையும் மறக்க இயலாது. ஆழமில்லாத நீரிலே சாதாழைத் திட்டுக்களின் ஓரமாகத் தூண்டில் போட்டோம்; நாலைந்து ஓரா மீன்கள் அகப்பட்டன. ஊரவர் காட்டிய இடத்திலே கூடாரமடித்து, வீட்டிலிருந்து கொண்டுபோன ஒடியல் மாவிலே கூழ் காய்ச்சினோம். பனையோலைகளிற் காற்று இரைந்த ஓசையைக் கேட்டபடியே என் மகள் உறங்கிப்போனாள்.

மறுநாட் காலையிற் கடல் வற்றியிருந்தது. வள்ளத்தைச் சாதாழையினூடே இழுத்து, மோட்டாரை முடுக்கிப் புறப்பட்டோம். நேற்றுத் தள்ளிய காற்று இன்று முகத்திலே அடித்தது. அணியத்தில் மோதிய ஒவ்வோர் அலையும் எங்களை நனைத்தது. நடுக்கடல் வந்ததும் மோட்டாரின் ஓசை மாறிற்று. எரிந்த இறப்பர் மணம் வீசிற்று. பின்பு அது நின்றுவிட்டது. எத்தனை தரம் கயிற்றை இழுத்தும் அசையவில்லை.

வள்ளத்தில் இருந்த துடுப்பு ஒன்று. நங்கூரக் கயிறு 30 அடி. உயிர்காப்பு அங்கிகள் இரண்டு, ஆட்கள் மூவர். நங்கூரம் போட்டோம், அது நிலத்தைப் பற்றாமல் இழுபட்டது. வள்ளம் தென்மேற்கே, திறந்த கடலை நோக்கி மெல்ல ஒதுங்கத் தொடங்கிற்று. என் மகள் அழவில்லை; என் கையை மாத்திரம் விடாமற் பிடித்திருந்தாள். அவளுக்கு அங்கியை இறுக்கிக் கட்டியபோது என் விரல்கள் நடுங்கியதை அவள் கண்டாளோ என்னவோ, யான் அறியேன்.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின்னர், வலை இழுத்துத் திரும்பிய முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு, கயிறு எறிந்து, தமது சிறு மோட்டாரினாலேயே கரைவரை இழுத்து வந்தார். பணம் கொடுக்க முயன்றேன், வாங்க மறுத்தார். மோட்டாரின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் ஒலிக்கின்றது.

"தம்பி, போறதுக்கு மோட்டார் வேண்டாதை. வாறதுக்கு வேண்டு."

ஏன் நின்றது?

வள்ளத்தின் பின்புறத்தே கொளுவும் மோட்டார், தன்னைக் குளிரச் செய்வதற்குக் கடல்நீரையே உறிஞ்சுகின்றது. அதன் உள்ளே சிறிய இறப்பர் சக்கரமொன்று நீரை இறைக்கும். அங்ஙனம் நீர் ஓடுகின்றது என்பதற்கு அடையாளமாக, மோட்டாரின் பின்னே நூல்போல ஒரு நீர்த்தாரை பீச்சிக்கொண்டிருக்கும். நாங்கள் சாதாழையினூடே வந்தபோது நீர் புகும் துவாரம் அடைபட்டுவிட்டது. முன்னரே தேய்ந்திருந்த இறப்பர் சக்கரம் வெப்பத்தில் உருகிற்று. நீர்த்தாரை நின்றதை மூவரில் ஒருவரும் கவனிக்கவில்லை. உள்ளே உலோகம் சூடேறி இறுகிவிட்டது.

குற்றம் மோட்டாருடையது மாத்திரமன்று. விலையையும் வலுவையும் பார்த்தோமேயன்றி, எதற்காக வாங்குகின்றோம் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தல்

சில மாதங்களின் பின்பு மருமகன் கொப்பியும் பென்சிலுமாக என் முன்னே வந்து அமர்ந்தான். இம்முறை கணக்கிலிருந்து தொடங்கினோம். மாணவர்களுக்கும் பயன்படுமாதலால் அதனை இங்கே தருகின்றேன்.

நீரைக் கிழித்துச் செல்லும் வள்ளத்துக்கு இயல்பான ஒரு வேக எல்லை உண்டு. நீரைத் தொடும் நீளத்தை அடியிற் கணித்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால், மணிக்கு இத்தனை கடல்மைல் என்று அவ்வெல்லை கிடைக்கும். 16 இன் வர்க்கமூலம் 4. ஆகவே 5.36 கடல்மைல், அதாவது மணிக்கு 10 கிலோமீற்றருக்குச் சற்றே குறைவு. அந்த வேகத்தில் எழுவைதீவுக்குச் செல்ல ஏறத்தாழ 36 நிமிடங்கள் ஆகும். அவ்வெல்லையைக் கடந்து நீரின் மேலே வழுக்கி ஓடவேண்டுமானால், வலுவைப் பன்மடங்கு கூட்டவேண்டும். எரிபொருளும் அதற்கேற்பக் கூடும்.

ஆகவே 25 குதிரைவலுவினால் நாம் மிச்சம் பிடித்தது சுமார் 20 நிமிடம். விடுமுறையிற் செல்லும் ஒரு குடும்பத்துக்கு அந்த 20 நிமிடத்தால் ஆவதென்ன?

வள்ளம், ஆட்கள், கூடாரம், குடிநீர், எரிபொருள் எல்லாம் சேர்ந்து எங்களுடைய பாரம் 500 கிலோவுக்கு மேல், 600க்குள். அமைதியான கடலில் இத்தகைய பாரத்தை மெல்ல நகர்த்த இரண்டு மூன்று குதிரைவலுவே போதும். எதிர்க்காற்றுக்கும் அலைக்கும் அதனை இரட்டித்து, மேலும் சற்றுக் கூட்டினால் 8 குதிரைவலு வரும். அதுவே எங்களுக்கு வேண்டிய அளவு என முடிவு செய்தோம்.

இரண்டடிப்பா, நாலடிப்பா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. நாலடிப்பு மோட்டார் குறைவாகக் குடிக்கும். ஓசையும் புகையும் குறைவு. ஆனால் விலையும் பாரமும் கூட. இரண்டடிப்பு மோட்டாரை ஒருவரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கரையேறலாம்; உறுப்புக்களும் குறைவு. அதிலும் மண்ணெண்ணெயில் ஓடும் வகை எங்கள் கரைகளிற் பெருவழக்கு. அதனைப் பெற்றோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலில் ஓடவிடவேண்டும். அல்லாவிடின் மறுமுறை முடுக்குவது பெரும்பாடு.

மண்ணெண்ணெயின் மலிவையே நம்பி வாங்குவதும் தவறு. 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு உயர்ந்தபோது, கரையோரக் குடும்பங்கள் பட்ட துயரத்தை நாம் கண்டோம். எரிபொருளின் விலை நம் கையில் இல்லை. எவ்வளவு எரிக்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. சிறு மோட்டார் வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மின்கலத்தில் ஓடும் மோட்டாரைப் பற்றியும் மகள் கேட்டாள். 12 வோல்ற், 100 அம்பியர் மணி கொண்ட ஈயமின்கலத்தில் இருப்பது 1,200 வாற்று மணி; அதிற் பாதியையே கலத்துக்குக் கேடின்றிப் பயன்படுத்தலாம். ஒரு குதிரைவலு 746 வாற்று. ஆகவே ஒரு குதிரைவலுவை ஒரு மணி நேரந்தானும் முழுமையாகப் பெறமுடியாது. காற்றில்லாத பரவைக்கடலில் கரையோரமாகத் தூண்டில் போட அது நன்று. வாடையை எதிர்த்து வீடு திரும்ப ஆகாது.

பெயரும் ஊரும்

இவ்வகை மோட்டாரைப் பரவச் செய்தவருள் முதன்மையானவர், நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓல் எவின்றூட் என்பவர். 1906 இல் ஒரு கோடை நாளில், காதலிக்காக ஐஸ்கிறீம் வாங்கி ஏரியின் குறுக்கே தண்டு வலித்து வந்தாராம். கரை சேருமுன் அது உருகிவிட்டதாம். அந்த ஏமாற்றமே மோட்டாருக்கு வித்திட்டது என்பர். 1909 இல் அவரது மோட்டார் விற்பனைக்கு வந்தது. நூறாண்டுக்கு மேல் உலகெங்கும் ஓடிய அப்பெயருடைய மோட்டார்களின் உற்பத்தி 2020 இல் நிறுத்தப்பட்டது.

இதிலும் எமக்கு ஒரு பாடம் உண்டு. எத்துணைப் புகழ்பெற்ற பெயராயினும், உறுப்புக் கிடைக்காவிடின் அது வெறும் இரும்பே. ஆகவே எந்தப் பெயர் சிறந்தது என்று நாம் கேட்கவில்லை. ஊர்காவற்றுறையிலும் யாழ்ப்பாணத்திலும் எதற்கு உறுப்புக் கிடைக்கும், எதைத் திருத்தத் தெரிந்தவர் அருகில் இருக்கிறார் என்றே கேட்டோம். எங்களை இழுத்து வந்த முதியவரிடமும் போய் விசாரித்தோம். 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 இல் போர் முடியும்வரை, மோட்டாரின் வலுவுக்கும் கடலிற் செல்லும் தூரத்துக்கும் காலத்துக்குக் காலம் தடைகள் இருந்தன. "அந்தக் காலத்திலை சின்ன மோட்டாரோடைதான் பிள்ளையளை வளர்த்தனாங்கள்" என்றார் அவர்.

அவரே துணைக்கு வந்து, நன்கு பேணப்பட்ட 8 குதிரைவலு மோட்டார் ஒன்றைத் தெரிந்து தந்தார். அவர் பார்த்த முறையை இங்கே குறித்தல் நலம். முதலிற் குளிர்ந்த நிலையிலேயே முடுக்கச் சொன்னார். விற்பவர் முன்னரே சூடாக்கி வைத்தால் குறை மறைந்துவிடுமாம். கீழ்ப்பெட்டி எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தார். பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்பது பொருள். நீர்த்தாரையைப் பத்து நிமிடம் கவனித்தார். தண்டின் நீளத்தை அளந்தார். 15 அங்குலமும் 20 அங்குலமும் என இரு நீளங்கள் பொதுவாக உண்டு. வள்ளத்தின் பின்பலகை உயரத்துக்குப் பொருந்தாவிடின் உந்துவிசிறி காற்றைக் கடையும், அல்லது நிலத்திலே தட்டும்.

மிஞ்சிய பணத்துக்கு உயிர்காப்பு அங்கிகள் நான்கு, துடுப்புக்கள் இரண்டு, 150 அடி நங்கூரக் கயிறு, மேலதிக இறப்பர் சக்கரம் ஒன்று, பிளக் இரண்டு வாங்கினோம். கடலின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாமற் கயிறு விட்டாலன்றி நங்கூரம் பற்றாது என்பதை அன்று கண்ணாரக் கண்டவர்கள் நாங்கள்.

மீண்டும் எழுவைதீவுக்கு

பங்குனி மாதத்தில், காற்றுத் தணிந்த ஒரு காலைப்பொழுதிற் புறப்பட்டோம். இம்முறை என் மனைவியும் உடன் வந்தாள். எரிபொருளை மூன்று பங்காகப் பிரித்தோம்: போக ஒன்று, வர ஒன்று, எதிர்பாராததற்கு ஒன்று. வள்ளம் வழுக்கி ஓடவில்லை; நீரைக் கிழித்துக்கொண்டு நிதானமாகச் சென்றது. கடற்கோட்டை மெல்லப் பின்னே ஒதுங்கிற்று. மீன் துள்ளுவதையும், நீர்க்காகம் மூழ்கி எழுவதையும் பார்க்க நேரம் இருந்தது. சென்ற முறை வேகத்திலே இவற்றையெல்லாம் நாம் காணவில்லை.

மறுநாட் திரும்புகையில், சாதாழைத் திட்டு முடியுமட்டும் மோட்டாரை இயக்காமற் கோல் ஊன்றியே வந்தோம். கரை சேர்ந்ததும் நன்னீரிலே அதனை ஓடவிட்டு, உள்ளே தங்கிய உப்பைக் கழுவினோம். அந்த வேலை பத்து நிமிடந்தான்; மோட்டாரின் ஆயுளைக் கூட்டுவது அதுவே.

வள்ளமும் ஆசையும் உள்ள வாசகர்கள் மோட்டார் வாங்கப் போகுமுன், காற்று எதிர்த்து வீசும் ஒரு மாலைநேரத்தை மனத்தில் நினைத்துப் பாருங்கள். வள்ளத்தில் உங்கள் பிள்ளையும் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உங்களைக் கரை சேர்க்கக்கூடிய மிகச் சிறிய மோட்டார் எதுவோ, உங்கள் ஊரிலே திருத்தக்கூடியது எதுவோ, அதனையே வாங்குங்கள்.

எங்கள் வள்ளத்திலே இப்பொழுது என் மகளுக்கு ஓர் உத்தியோகம் உண்டு. பின்புறத்தே அமர்ந்து நீர்த்தாரையைப் பார்த்துக்கொண்டிருப்பது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை, நாம் கேளாமலே, "தண்ணி வருகுது அப்பா!" என்று குரல் கொடுப்பாள்.